தர்பூஸ் ஆண்பால்

எங்கள் அலுவலகம் என்ன வேலை செய்தது என்று நான் சொல்லப்போவதில்லை. ரகசியம் ஒன்றும் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் அங்கே குப்பை கொட்டியும் எனக்கே சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். மத்திய அரசு அலுவலகம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரம், சவுக்குத் தோப்புக்கு நடுவில் இருந்தது. செங்கல்பட்டிலிருந்து காலை ஏழு ஐம்பதுக்கு அலுவலகப் பேருந்து கிளம்பும். திருக்கழுக்குன்றத்தில் பாதிப் பேர் ஏறுவார்கள், ஏறியதும் தூங்குவார்கள், இறங்கியும் தூங்குவார்கள். நான் அங்கே எழுத்தர். மற்றவர்களுடைய படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை.

அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அதன் நெற்றியில் 'இன்றைய சொல்' என்று மூன்று மொழியில் வெள்ளை பெயிண்டால் எழுதியிருக்கும். தினம் ஒரு இந்திச் சொல், பக்கத்திலேயே அதற்குத் தமிழும் ஆங்கிலமும். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. இந்தித் தேர்வின் மூன்று படிகளில் ஆகக் கீழ்ப்படியை நான் எப்படியோ தாண்டியிருந்தேன். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். ஆய்வுக் குழு எப்போது வேண்டுமானாலும் வரும், பலகை காலியாக இருக்கக் கூடாது என்றார் நிர்வாக அதிகாரி. வருகிறவர்கள் படிப்பார்களா என்று கேட்டேன். பலகை காலியாக இருக்கக் கூடாது என்றார் மறுபடியும்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. எழுதிய சொல்லை அழிப்பதற்கு முன்னால் அப்படியே ஒரு பதிவேட்டில் நகல் எடுக்க வேண்டும். தேதி, என் கையெழுத்து, இந்தி அதிகாரியின் கையெழுத்து. பலகையைத்தான் அழிக்கலாம், பதிவேட்டை அழிக்க முடியாது. அரசாங்கத்தின் அறிவு முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க ஒரு தடவை 'ஆவணம்' என்ற ஒரே சொல்லை ஒன்பது நாள் விட்டுவைத்தேன். பதிவேட்டிலும் ஒன்பது நாளும் அதையே எழுதினேன். இந்தி அதிகாரி ஒன்பது கையெழுத்துப் போட்டார். பத்தாம் நாள் பேருந்தில் ஏறும்போது ஓட்டுநர் கேட்டார்: "இன்னா சார், அந்த வார்த்தய அழிக்கவே மாட்டீங்களா?"

அந்தப் பலகைக்கு ஒரே வாசகர் அவர். எல்லோருக்கும் அவர் பாய். செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் உருது, தெருவில் தமிழ். எட்டாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம். உருது எழுத்தைச் சின்ன வயதில் பள்ளிவாசலில் கற்றிருந்தார், வலமிருந்து இடமாக. பலகையில் இருந்த இந்தி எழுத்து அவருக்கு ஒரு கோடு கூடப் புரியாது. தமிழ் வரியைப் படித்துவிட்டு, மேலே இருப்பது என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொள்வார். வண்டியை நிறுத்திவிட்டுச் சாவி கொடுக்க வருகிறவர், தினம் இரண்டு நிமிஷம் அங்கே நின்று போவார். எங்கள் அலுவலகத்தில் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஓட்டுநர். அங்கே தற்காலிகம் என்பதுதான் ஆக நிரந்தரமான பதவி.

ஒரு மே மாதம் தலைமையகத்திலிருந்து வரவேண்டிய சொற்பட்டியல் வரவில்லை. அந்த மாதத்தில் திருக்கழுக்குன்றம் தாண்டினால் சாலையோரம் முழுக்கத் தர்பூசணி குவித்திருப்பார்கள். மாலையில் திரும்பும்போது ஒரு கீற்றுக் கொட்டகை முன்னால் பாய் வண்டியை நிறுத்துவார். விதியில் இல்லாத நான்கு நிமிஷம். நாற்பது பேருக்கும் பழம் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. தட்டிப் பார்ப்பார், காதில் வைப்பார், மண்ணில் கிடந்த பக்கம் மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். அவர் எடுத்துக் கொடுத்ததை வேண்டாமென்று சொன்னவர்கள் யாரும் இல்லை. ஒரே ஒரு விஞ்ஞானி தானே தேர்ந்தெடுப்பேன் என்று அடம்பிடித்து, வீட்டில் போய் வெட்டினால் வெள்ளரிக்காய் மாதிரி இருந்ததாம். மறுநாளிலிருந்து அவரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்.

பட்டியல் இல்லாததால் நான் 'தர்பூஸ்' என்று எழுதிப்போட்டேன். தமிழில் தர்பூசணி. அன்று மாலை பாய் என்னை முன் இருக்கைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கியரைப் போட்டுக்கொண்டே அந்தச் சொல்லின் ஜாதகத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அது பாரசீகத்திலிருந்து வந்ததாம். 'தர்' என்றால் ஈரம் என்று பள்ளிவாசலில் அவருடைய வாத்தியார் சொன்னாராம். உருதுவில் பழத்துக்கெல்லாம் ஆண், பெண் உண்டாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் மாம்பழத்தை அஃறிணை என்று ஒரே மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவன் நான். இந்தித் தேர்வில் நாற்காலி பெண், வீடு ஆண் என்று மனப்பாடம் செய்தே பாதி முடி கொட்டியிருந்தது. எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

"கண்டுபுடிக்கறது இன்னா சார், பேசறப்பவே வந்துடும். தர்பூஸ் நல்லா கீதுன்னு சொல்லணும்னா 'அச்சா'தான் வாயில வரும். நாரங்கி, அதான் கமலாப்பழம், அதுக்குன்னா 'அச்சீ'. தர்பூஸ் ஆம்பள, நாரங்கி பொம்பள."

ஒன்று என்றாலும் தர்பூஸ்தான், பத்து என்றாலும் தர்பூஸ்தான். பத்தில் ஒன்றை எடு என்று சொல்ல வரும்போதுதான் 'தர்பூஸோன்' என்று அதற்கு ஒரு வால் முளைக்குமாம். இலக்கணம் என்ற வார்த்தையே தெரியாமல் அந்த மனிதர் புதுப்பட்டினம் வளைவு வருவதற்குள் எனக்கு இரண்டு வேற்றுமையை முடித்துக் கொடுத்தார். என்னுடைய இந்தி ஆசிரியரால் ஆறு மாதத்தில் அதைச் செய்ய முடியவில்லை.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுநாள் பலகை முழுக்க எழுதினேன். தர்பூஸ், பாரசீகம், தர் என்றால் ஈரம், ஆண்பால், பன்மையில் மாறாது. நம் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டபோது காதில் விழுந்த 'பூஸ்', கையோடு இருந்த பூசணியோடு ஒட்டிக்கொண்டு தர்பூசணி ஆனது என்று என் பங்குக்கும் ஒன்று சேர்த்தேன். எவன் சொன்னதையோ தன் சரக்காகக் காட்டும் ஆள் நான் இல்லை என்ற பெருமையில், கீழே 'தகவல்' என்று போட்டு பாயின் பெயரையும் பதவியையும் எழுதினேன். பதிவேட்டிலும் ஒரு எழுத்து விடாமல் நகல் எடுத்தேன்.

அன்றுதான் முதல் தடவையாக அந்தப் பலகை முன்னால் கூட்டம் கூடியது. கணக்குப் பிரிவில் ஒரு தமிழ்ப் பற்றாளர் இருந்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பூசணி என்று பட்டவர்த்தனமாகத் தமிழ் இருக்கும்போது பாரசீகம் எங்கிருந்து வந்தது என்று சண்டைக்கு வந்தார். நீரைத் தரும் பூசணி, தரும் பூசணி, அதுதான் தர்பூசணி என்று அங்கேயே நிறுவினார். அதை நான்கு பக்கக் கட்டுரையாக எழுதிச் சங்கப் பத்திரிகையிலும் போட்டார். இந்தி அதிகாரிக்கு வேறு வருத்தம். அவர் வடக்கிலிருந்து வந்தவர். தர்பூஸ் உருது, இங்கே எழுத வேண்டியது இந்தி என்று சொல்லி, அதற்குப் பதிலாக சமஸ்கிருதத்தில் ஒரு சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவர் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தபோது அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஏதோ மருந்தா என்றார். அந்த அம்மா தர்பூஸ் வாங்கத்தான் வந்திருந்தார்.

நாங்கள் மூன்று பேரும் இப்படி ஒரு பழத்துக்காக அடித்துக்கொண்டிருந்த வேளையில், பாய் பாட்டுக்கு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தற்காலிக ஊழியர்களை நிரந்தரம் செய்யப்போகிறார்கள். கூடவே ஒரு நிபந்தனை: இந்தித் தேர்வு எழுதித் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் தற்காலிகப் பணியும் முடிவுக்கு வரும். பாய்க்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் நிரந்தர வேலையா என்று ஒரு தடவை கேட்டிருந்தார்களாம். அவர் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

தாய்மொழி என்று ஒரு கட்டம். உருது என்று எழுதினேன். எழுதும்போதே விதிப்புத்தகத்தில் ஒன்று கண்ணில் பட்டது. தாய்மொழி தமிழ் என்றால் அரிச்சுவடி வகுப்பில் ஆரம்பிக்க வேண்டும். உருது என்றால், அது இந்திக்கு உடன்பிறப்பு என்ற கணக்கில், கீழே உள்ள இரண்டு படியும் தள்ளுபடி, நேரே மேல் வகுப்பு. பாய், உங்களுக்கு ரெண்டு பரீட்சை மிச்சம் என்று சொல்லி அவர் கையைக் குலுக்கினேன். அவரும் சந்தோஷமாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இந்தி எழுத்து ஒன்றுகூடத் தெரியாத மனிதரை மேல் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இருவருமே விதியைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

மேல் வகுப்பில் எல்லாம் எழுத்து வேலை. அலுவலகக் குறிப்பு, கடித வரைவு, மொழிபெயர்ப்பு. கூடப் படித்தவர்கள் ஐந்தாறு வருஷம் எழுதிப் பழகியவர்கள், ஆனால் இந்தியில் ஒரு டீ கேட்கத் தெரியாதவர்கள். பாய்க்கு வாயைத் திறந்தால் அருவி. வாரம் இரண்டு நாள் சென்னையிலிருந்து வந்த இந்தி ஆசிரியர், இவர் பேசுவதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வாராம். அப்புறம் கரும்பலகையில் எழுதச் சொல்வாராம். பாய் சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் தேர்வில் அவர் விடைத்தாளை வெற்றுத்தாளாகவே கொடுத்தார், பேர் கூட நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து வரைந்தது. இரண்டாவது தேர்விலும் அதே கதை.

அப்போதுதான் எனக்குத் தூக்கம் போனது. விதிப்புத்தகத்தை அட்டை கிழியப் படித்தேன். ஒரு வழி இருந்தது. தாய்மொழியைத் தவறாகப் பதிந்துவிட்டோம் என்று திருத்த மனு கொடுக்கலாம். தமிழ் என்று திருத்திவிட்டால் அரிச்சுவடி வகுப்பு, புதிதாக மூன்று வாய்ப்பு. தவறு எழுத்தருடையது என்று நானே மனுவில் எழுதி, கையெழுத்தும் போட்டேன். நிர்வாக அதிகாரி நல்ல மனிதர். ஃபைலை முடித்தால் போதும் என்று நினைக்கும் எல்லோரும் ஓரளவு நல்ல மனிதர்கள்தான். ஒரு விசாரணை வைப்போம், அவர் வாயால் தமிழ் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார்.

அன்று காலை பேருந்தில் செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் பாய்க்குப் பாடம் எடுத்தேன். கேட்பார்கள், தமிழ் என்று சொல்லுங்கள், வேறு எதுவும் பேச வேண்டாம். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

நிர்வாக அதிகாரியின் அறையில் அவரும் இந்தி அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். பாய் நின்றுகொண்டிருந்தார். குறிப்பெடுக்க நான் ஓரத்தில். மனுவைப் படித்ததும் இந்தி அதிகாரி பையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அட்டையைப் பார்த்ததுமே பலகைப் பதிவேடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, என் முத்து முத்தான கையெழுத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். தர்பூஸ், பாரசீகம், ஆண்பால், பன்மையில் மாறாது. தகவல், நமது பேருந்து ஓட்டுநர். தர்பூசணி ஆணா பெண்ணா என்று தெரிந்த ஒருவருக்குத் தமிழ் தாய்மொழியாக இருக்க முடியுமா என்று கேட்டார். எங்கள் அலுவலகத்தில் என் காதில் விழுந்த கேள்விகளிலேயே அது ஒன்றுதான் நியாயமான கேள்வி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிர்வாக அதிகாரி விடவில்லை. பழத்தைப் பற்றி யாருக்கு வேண்டுமானாலும் தெரியலாம், பக்கத்து வீட்டில் கேட்டிருப்பார் என்று அவரே வக்காலத்து வாங்கினார். பாயைப் பார்த்து, உங்கள் தாய்மொழி என்ன, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம் என்றார். பேனாவைக் கூடத் திறந்து வைத்துக்கொண்டார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்துத் தமிழ், தமிழ் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தமிழ் நல்லா பேசுவேன் சார். எங்க அம்மா பேசனது உருது. அம்மா மவுத்தாயி, அடக்கம் பண்ணி ஆறு வருசம் ஆவுது. இப்ப போயி நான் எப்டி சார் மாத்தறது?"

நிர்வாக அதிகாரி பேனாவை மேஜையில் வைத்தார். இந்தி அதிகாரி பதிவேட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கும் அவ்வளவு சந்தோஷம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தில் பாயைக் கண்டபடி திட்டினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, பொய்யே சொல்லத் தெரியாத ஆள் எதற்கு ஐயா அரசாங்கத்தில் வேலைக்கு வந்தீர் என்று கத்தினேன். அவர், "கோச்சுக்காதீங்க சார்" என்று எனக்கே சமாதானம் சொன்னார். திட்ட வேண்டியது என்னைத்தான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை.

மூன்றாவது தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. பாய் வேலைக்கு வரும்போது வண்டியை நிறுத்திவிட்டுப் பலகை முன்னால் வந்து நிற்பார். நான் அன்றைய சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதுவேன். அவர் விரலால் காற்றில் எழுதிப் பார்ப்பார். வலமிருந்து ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் போவார். தேர்வில் ஆறு கேள்விகள். மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு விடுப்பு விண்ணப்பத்தை எழுதி முடித்தார். அதில் ஒரு பிழை இல்லை என்று பிற்பாடு அந்த ஆசிரியர் என்னிடம் சொன்னார். தேறுவதற்கு அது போதாது.

பணி முடிவு உத்தரவை நான்தான் தட்டச்சு செய்தேன். மூன்று மொழியிலும். அதே மாதம் இந்தி வார விழா வந்தது. சொற்களின் பிறப்பையும் இலக்கணத்தையும் எளிமையாக விளக்கி அலுவலகப் பலகையைச் சிறப்பாகப் பராமரித்ததற்காக எனக்குப் பரிசு அறிவித்தார்கள். தர்பூஸ் பக்கத்தைப் பெரிதாக்கி மேடையில் ஒட்டியிருந்தார்கள். பாயின் பெயர் இருந்த கடைசி வரி மட்டும் அதில் இல்லை. இடம் போதவில்லையாம். மேடை ஏறி ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லை. வெட்கமாக இருந்தது, வாங்கினேன், கைதட்டினார்கள், இறங்கினேன். அந்தக் கடிகாரம் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

புதிதாக வந்த ஓட்டுநர் கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தவில்லை. விதியில் இல்லை என்றார். அவரும் விதிப்படிதான் நடந்தார், என்ன சொல்ல முடியும். நான் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு வருஷம் மே மாதத்தில் தர்பூஸைப் பெண்பால் என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரு மாதம் அப்படியே கிடந்தது.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் மகளைப் பொத்தேரியில் கல்லூரியில் சேர்த்துவிட்டு, விடுதிப் படிவங்களை நிரப்பி முடித்து, வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கல்லூரிப் பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து வடநாட்டுப் பிள்ளைகள் இறங்கி, ஓட்டுநரைச் சுற்றி நின்றுகொண்டு இந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பதிலுக்கு அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெள்ளை. ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்வானேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"அட, சார். இன்னா சார், இந்தாண்ட?"

கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பக்கத்து வண்டியில் தர்பூசணிக் கீற்று வாங்கிக் கொடுத்தார். வெட்டி வைத்திருந்ததை வேண்டாம் என்று சொல்லி, புதிதாக ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்து வெட்டச் சொன்னார். மூத்த பெண்ணுக்கு அந்த வரன் போய்விட்டதாம். இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் முடித்தாராம், நன்றாக இருக்கிறாளாம். அந்த முதல் பாதியைச் சொல்லும்போது அவர் பழக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே சேரும்போது படிவத்தில் தாய்மொழி கேட்டார்களா என்று கேட்டேன். கேட்டார்கள், உருது என்றுதான் எழுதினேன், எவனும் படிக்கவில்லை என்று சிரித்தார். நான் நிரப்பிய ஆயிரக்கணக்கான படிவங்களில் யாரோ ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படித்தது அவருடையதை மட்டும்தான். கையிலிருந்த கீற்றைக் கீழே வைத்தேன்.

பாய், என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

"இன்னும் போர்டு எழுதறீங்களா சார்?"

எழுதுகிறேன் என்றேன்.

"இன்னிக்கி இன்னா வார்த்த?"

முந்தைய நாளே எழுதிவிட்டு வந்தது. என்ன சொல் என்று எனக்கு நினைவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் வேறு யாரும் கேட்டதில்லை. தர்பூஸ் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஆம்பளன்னு போட்டீங்களா?"

"போட்டேன் பாய்."

"எம் பேரு?"

"போடலை பாய்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். "நல்லதாப் போச்சு சார்," என்றார்.